பிள்ளை தன் பெயரைச் செபத்தில் கேட்கட்டும்: யாழ்ப்பாணத்து இளம் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நான ஆராதனை முடிந்து, கோயில் விறாந்தையில் பற்றிஸும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைச் சட்டை போட்ட கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு இளம் தாய் என்னிடம் வந்தாள். "அன்ரி, பிள்ளையைக் கிறிஸ்துவுக்குள்ளை வளர்ப்பன் எண்டு சபைக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். நாளைக்கு விடிய எழும்பி நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

ஞாயிறு பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாக்குறுதியை வாங்கிக்கொள்கிறோம், அதை எப்படி நிறைவேற்றுவது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் தென்னிந்திய திருச்சபைக்காரி. கத்தோலிக்கத் தாய்மார் தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீடே கத்தோலிக்க வீடு என்பதால் அவர்களிடம் கற்றதும் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு நேரமும் ஒரு பாயும்

வீட்டில் ஒரு மூலையைத் தெரிவுசெய்யுங்கள். தனி அறை தேவையில்லை. ஒரு பாய், ஒரு வேதப்புத்தகம், பாட்டுப் புத்தகம் இருந்தால் அதுவும், அவ்வளவே. கத்தோலிக்க வீடென்றால் மாதா சுரூபத்துக்கு முன்னால் ஏற்கெனவே அந்த இடம் இருக்கும்.

அடுத்தது நேரம். எங்கள் அம்மம்மா காலத்தில் விளக்கு வைக்கிற நேரமே செப நேரம். இப்போது அந்த நேரத்தில் பிள்ளைகள் ரியூசனில் இருக்கிறார்கள். அதனால் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ, காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிடுவதற்கு முன்னோ, உங்கள் வீட்டில் எல்லாரும் உண்மையாகவே ஒன்றாய் இருக்கிற பத்து நிமிடத்தைக் கண்டுபிடியுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பாட்டு, ஐந்தாறு வசனம், ஒரு செபம், கடைசியாக எல்லாரும் சேர்ந்து பரமண்டல செபம். கத்தோலிக்கர் முழுச் செபமாலை சொல்ல முடியாத நாளில் அதில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியையாவது சொல்லலாம்.

முதல் வாரம் யாரையும் கூப்பிடாதீர்கள். நீங்கள் மட்டும் அந்த நேரத்தில் அந்தப் பாயில் இருந்து சத்தமாகச் செபியுங்கள். பிள்ளை தானாய் வந்து மடியில் ஏறும். கணவர் முதலில் எட்டிப் பார்ப்பார், பிறகு கதிரையை இழுத்துப் போடுவார். அவர் வந்து இருந்ததும் வேத வாசிப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். "அப்பாதான் வாசிக்கிறவர்" என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டால், அவரே நேரத்துக்கு வந்து இருப்பார்.

வீட்டுச் செபம் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருமாரை இருக்கவிடாமல் தடைசெய்தார்கள். கோவாவில் இருந்து புனித யோசப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் இங்கு வந்தது 1687இல். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போனார், அதைக் கண்டு முகம் மாறுகிறவர்களை வைத்துத்தான் தன் ஆடுகளை அடையாளம் கண்டார். சில்லாலையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இடையில் போனது ஏறக்குறைய முப்பது வருடம். ஒல்லாந்தர் வந்தபோது கைக்குழந்தையாய் இருந்தவர்கள் தாங்களே தாய் தகப்பன் ஆகிவிட்ட காலம். வெளிப்படையாய்ப் பூசை இல்லாத அந்த வருடங்களில் ஒரு பிள்ளை "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லப் பழகியிருந்தால், அது அடுப்படியிலும் பாயிலும் பழகியதாகத்தான் இருக்க முடியும்.

சத்தமாய், பெயர் சொல்லி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நீங்கள் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரைச் சொல்லி, அது கேட்கும்படி, நாளாந்தம் செபியுங்கள். மனதுக்குள் செபிப்பதை ஆண்டவர் கேட்கிறார். பிள்ளைக்கு அது கேட்காது.

90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தில் பாதிதான் தெரியும். நாங்கள் நாலு பேர். மூத்தவரில் தொடங்கி வரிசையாய் வருவா. அண்ணாவின் வேலை, என் கணக்குப் பாடம், தங்கச்சியின் பயம், கடைசித் தம்பிக்கு இரவில் வருகிற இழுப்பு. என் முறை வரும்வரைக்கும் காத்திருப்பேன். அம்மா என் கணக்கைப் பற்றி ஆண்டவரோடு கதைத்தா என்பது பெரிய ஆறுதல். அதைப் பற்றி என்னோடு கதைத்தபோதெல்லாம் ஏச்சுத்தானே விழுந்தது!

1995 ஒக்ரோபர் 30, இடம்பெயர்ந்த இரவு. எனக்குப் பத்தொன்பது வயது. செம்மணிப் பக்கமாய் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் நெரிந்துகொண்டு போகிறது, மழை, இருட்டு, சைக்கிளில் மூட்டைகள், முதியவர்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர். அம்மா தம்பியை இடுப்புத்துணியால் தன் கையோடு கட்டியிருந்தா. 121ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தா. அது முடிய எங்கள் பெயர்களை அதே வரிசையில் சொல்லுவா. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பிள்ளை "ஓம்" என்று சொல்லவேணும். சொல்லாவிட்டால் நின்றுவிடுவா. பின்னால் வருகிற சனம் தள்ளும், அசையமாட்டா. செபமும் ஆள் எண்ணுவதும் அந்த இரவில் ஒன்றாய்ப் போயிற்று. கைதடியைத் தாண்டும்வரை எத்தனை தரம் அந்த வரிசை போனதென்று தெரியாது. நாலு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

இதில் இரண்டு பிழைகளை நான் செய்திருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். முதலாவது, செபத்தை ஏச்சாக்குவது. "ஆண்டவரே, இவன் பொய் சொல்லாமல் இருக்கக் கிருபை செய்யும்" என்று மகனுக்கு ஆறு வயதில் எல்லாருக்கும் முன்னால் செபித்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளையின் குற்றத்தைத் தனியாகச் செபியுங்கள். சத்தமாய்ச் சொல்லவேண்டிய குற்றம் உங்களுடையது: "இண்டைக்குப் பிள்ளையைக் காரணமில்லாமல் அடிச்சுப்போட்டன் ஆண்டவரே, மன்னியும்." அதைக் கேட்கிற பிள்ளைக்கு மனந்திரும்புதல் என்றால் என்னவென்று தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, விருந்தினருக்கு முன்னால் மனப்பாட வசனம் சொல்லச் சொல்வது. "அன்ரிக்கு 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் காட்டு" என்று நிற்க வைத்து, அவன் பாதியில் மறந்து, எல்லாரும் சிரித்து, அதற்குப் பிறகு ஒரு வருடம் மனப்பாடமே வேண்டாம் என்றான்.

வேதப்புத்தகத்தில் பென்சில்

மூன்று வயதுவரை வாசிப்பு வேண்டாம், கதை போதும். இடியப்பம் பிழியும்போது, முருங்கையிலை உருவும்போது, குளிக்க வார்க்கும்போது சொல்லுங்கள். நாணற்பெட்டியில் மோசேயை வைத்துத் தண்ணீரில் விட்ட யோகெபேத்தின் கதையைக் குளிக்க வார்க்கும்போது சொன்னால், வாளித் தண்ணீரில் சோப்புப் பெட்டியை மிதக்கவிட்டு மகள் விளையாடுவாள். அதற்குப் பிறகு அந்தக் கதை அவளுடையது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு சுவிசேஷத்தை எடுங்கள். மாற்கு நல்லது. பதினாறு அதிகாரந்தான், ஓட்டமாய்ப் போகும். நாளுக்கு ஒரு சம்பவம், ஒரு கேள்வி. "இதில் ஆருக்குப் பயம்?" என்பது மாதிரி. "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று தொடங்கினால் அது பள்ளிக்கூடமாகிவிடும்.

அம்மாவின் வேதப்புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பக்க ஓரங்களில் தேங்காயெண்ணெய் விரல் பட்ட மஞ்சள். சங்கீதங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்துகள்: பிள்ளையின் பெயரின் முதலெழுத்து, ஒரு திகதி, சில இடங்களில் அதற்குக் கீழே இன்னொரு திகதி. முதல் திகதி கேட்ட நாள், இரண்டாவது பதில் வந்த நாள். இரண்டாம் திகதி விழாத இடங்களும் உண்டு. அவற்றை அவ அழிக்கவில்லை. இந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள், செலவு ஒரு பென்சில். உங்களுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை, தன் வாழ்க்கையில் எந்த நாளில் அம்மா எதற்காக முழங்காலில் நின்றா என்று வாசிக்கும்.

பிடியரிசிப் பேணி

சோற்றுக்கு அரிசி அளந்ததும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பேணியில் போட்டு, மாத முடிவில் அதைக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் தாய்மாரிடம் இருந்தது. காசு கையில் புழங்காத பெண்களும் கொடுக்கக் கண்டுபிடித்த வழி அது. மீண்டும் தொடங்குங்கள். அந்தப் பிடியைப் பிள்ளையின் கையால் எடுக்கவிடுங்கள். சின்னக் கையில் பிடி சின்னதாய்த்தான் வரும், இருக்கட்டும். காணிக்கைக் காசையும் கோயில் வாங்கில் வைத்து அவசரமாய்க் கையில் திணிக்காமல், சனிக்கிழமை இரவே கொடுத்து, சட்டைப் பைக்குள் தானே வைக்கச் சொல்லுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு வீட்டு முற்றத்தில் காய்த்த ஒரு பூசணிக்காயைப் பிள்ளை தூக்கிக்கொண்டு போகட்டும். அது ஏலத்தில் போகும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

கோயிலில் எங்கே இருப்பது

முன்னால். பிள்ளை அழும் என்று கடைசி வாங்குக்குப் போகிற தாய்மார் பலர். அங்கேயிருந்து பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்களின் முதுகு. எதையும் காணாத பிள்ளை குழப்படிதான் செய்யும். இரண்டாம் மூன்றாம் வரிசையில், ஓரமாய் இருங்கள். அழுதால் பக்கக் கதவால் வெளியே போய் ஆற்றிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் இருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம். கைபேசியைக் கையில் கொடுத்து அடக்க வேண்டாம், ஒரு கொப்பியும் கலர் பென்சிலும் போதும்.

இளம் தாயாய் இருந்தபோது ஒரு சபையில் என் மகன் செப நேரத்தில் கத்தினான் என்று ஒரு மூத்தவர் திரும்பி முறைத்தார். மூன்று மாதம் நான் கோயிலுக்குப் போகவில்லை. இதை வாசிக்கிற மூத்தவர்கள் இருந்தால் கையெடுத்துக் கேட்கிறேன்: முறைக்காதீர்கள். எழும்பிப் போய் அந்தப் பிள்ளையை ஐந்து நிமிடம் தூக்குங்கள்.

ஒரு மூத்த தாயைத் தேடிக்கொள்ளுங்கள்

தனியாய் இதைச் செய்ய முடியாது. மாதர் சங்கத்தில் சேருங்கள், கத்தோலிக்கரென்றால் மரியாயின் சேனையிலோ அன்பியத்திலோ. ஆனால் கூட்டத்தில் பெயர் பதிவதோடு நிற்காமல், உங்களைவிட இருபது முப்பது வயது கூடிய ஒருவரிடம் போய், "எனக்காகச் செபியுங்கோ, நான் கிழமைக்கொருக்கா வந்து கதைக்கிறன்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதுவரை ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதை நான் காணவில்லை. சுகவீனமாய்ப் படுக்கையில் கிடக்கிற அம்மம்மாமாரிடம் கேட்பது இன்னும் நல்லது. அவர்களுக்கு நேரம் உண்டு, செபிக்கப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மூத்த தாய் உங்களைப் பெற்றவராயோ, பிள்ளை பெற்றவராயோ இருக்க வேண்டும் என்றில்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். உடுவிலைப் பாருங்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். 1840இல் அமெரிக்காவிலிருந்து எலைசா அக்னியூ வந்தார். கலியாணம் செய்யவில்லை, தாயகத்துக்குத் திரும்பவில்லை, 1883இல் மானிப்பாயில் இறந்தார். ஏறக்குறைய நாற்பது வருடம் உடுவிலில் படிப்பித்து, தாயையும், அவள் மகளையும், அந்த மகளின் மகளையும் வகுப்பில் கண்டவர். 'ஆயிரம் மகள்மாரின் தாய்' என்று அவரைச் சொன்னார்கள். அந்த மகள்மார் வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் மானிப்பாய்க்கும் கலியாணம் முடித்துப் போய் ஏற்றிய விளக்குகள்தாம் எங்கள் சபைகளின் பல குடும்பங்கள். பிள்ளை இல்லாத அன்ரிமாரைச் சபையில் இரக்கத்தோடு பார்க்கிற பழக்கத்தை விடுவோம். ஞாயிறு பாடசாலையில் உங்கள் பிள்ளைக்கு அவர்கள்தான் தாய்.

வீட்டில் எல்லாரும் வேதக்காரர் இல்லையென்றால்

இதைப் பற்றித்தான் ஆகக் கூடுதலாய்க் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. கணவர் சைவம், மாமி காலையில் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிவிடுகிறா, என்ன செய்வது?

தீமோத்தேயுவின் வீடும் அப்படித்தான். தாய் ஐனிக்கேயாள் விசுவாசி, தகப்பன் கிரேக்கன். பாட்டி லோவிசாளும் தாயும் பிள்ளைக்குச் சிறுவயது முதலே வேத எழுத்துகளைப் பழக்கினார்கள். பவுல் தன் கடைசி நாட்களில் எழுதிய கடிதத்தில் அந்த இரண்டு பெண்களையும் பெயர் சொல்லி நினைக்கிறார். தகப்பனோடு அவர்கள் சண்டை பிடித்ததாய் எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆகவே, பிள்ளைக்கு முன்னால் மாமியோடு வாதாட வேண்டாம். நெற்றியை அழித்துக் காட்டவும் வேண்டாம், அது ஒரு முதியவரின் அன்பை அழிப்பதாய்ப் போகும். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று கணவரோடு தனியாக, ஆறுதலாக, கூடுமானால் பிள்ளை பிறக்கமுன்னரே கதைத்து முடிவெடுங்கள். அந்த முடிவை மாமியிடம் சொல்லவேண்டியவர் அவர் மகன்தான், நீங்கள் அல்ல. ஒளிக்கவும் வேண்டாம். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு செபித்தால், செபம் வெட்கப்படவேண்டிய காரியம் என்று பிள்ளை நினைக்கும். திறந்த கதவோடு, அதே பாயில், மாமியின் பெயரையும் சொல்லிச் செபியுங்கள். அவவின் முழங்கால் நோவுக்காகச் செபியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமி இன்றும் சைவந்தான், ஆனால் செபநேரம் பிந்தினால், "என்ன பிள்ளை, இண்டைக்கு உங்கடை செபம் இல்லையோ?" என்று கேட்கிறவ அவதான்.

கணவரைப் போரில் இழந்து தனியப் பிள்ளை வளர்க்கிற தாய்மாரும், கணவர் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் எங்கள் சபைகளில் நிறையப் பேர். உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான்: பத்து நிமிடம் முடியாத இரவில், படுக்கையில் பிள்ளையின் தலையில் கையை வைத்துப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளை வளர்ந்த பிறகு

பதின்மூன்று பதினாலு வயதில் பாயில் வந்து இருக்க வெட்கப்படுவார்கள். இழுத்துக்கொண்டு வந்து இருத்தாதீர்கள். செபத்தை நிறுத்தவும் வேண்டாம். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரிச் செபியுங்கள். இந்த வயதில் தனித்தனி நேரம் கூடுதலாய் உதவும். இங்கிலாந்தில் எப்வேர்த் என்ற ஊரில் ஒரு போதகரின் மனைவி சுசன்னா வெஸ்லி. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். மிச்சப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆளுக்கொரு மாலையை ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து கதைத்தார். வியாழக்கிழமை யோன் வெஸ்லியுடையது. அவர் தொடக்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிகள் 1814இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1834இல் தொடங்கிய வேம்படி மகளிர் பாடசாலையும் அந்த வழியில் வந்ததுதான். உங்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். கிழமைக்கு அரை மணித்தியாலம், ஒரு தேத்தண்ணி, பிள்ளை கதைக்க நீங்கள் கேட்பது. புத்திமதி சொல்ல வாய் துருதுருக்கும், பொறுங்கள்.

வழி மாறிப்போன பிள்ளையின் தாய்க்கு: புனித மோனிக்கா மகனுக்காக அழுது செபித்தது வருடக்கணக்காய். அகுஸ்தீன் 387இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதே வருடம் மோனிக்கா இறந்தார். அம்மாவின் பென்சில் அடையாளங்களில் இரண்டாம் திகதி விழாத இடங்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு அவர்கள் போய்விடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு, கொழும்புக்கு, கனடாவுக்கு. அன்னாள் சாமுவேலைச் சின்ன வயதிலேயே ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தவள். வருடத்துக்கொருக்கால் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள். பிள்ளை பக்கத்தில் இல்லாமல் எப்படி அளவு பார்த்தாள் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அயல் வீட்டுப் பிள்ளைகளின் தோளைப் பார்த்து, "இப்ப இவ்வளவு வளர்ந்திருப்பான்" என்று துணியை வெட்டியிருப்பாள்.

என் மகன் ரொறன்ரோவில். எங்களுக்குப் பின்னேரம் ஆறரை என்றால் அங்கே காலை எட்டோ ஒன்பதோ, வேலைக்குப் போகிற நேரம். வாட்ஸ்அப்பில் அழைப்பை எடுத்துப் போனைப் பாயில் வைத்துவிட்டு நாங்கள் இங்கே செபிப்போம். அவன் பதில் பேசுவது குறைவு. வாகன இரைச்சல்தான் கேட்கும். சில நாள் கேட்கிறானோ இல்லையோ என்றுகூடத் தெரியாது. போன கிழமை நடுவில் குறுக்கிட்டான்.

"அம்மா, என்ரை பேரைச் சொல்லேக்கை கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ. ரோட்டுச் சத்தத்திலை கேக்குதில்லை."